முதல் ஞாயிறும் தீவனத் தராசும்

புதிதாக விடுதிப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவன் வார்டன் வேலைக்கு லாயக்கில்லை என்பது என் கட்சி. ஆகவே கொஞ்சம் நீளும். டீயை ஊற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இந்த வேலைக்கென்று நான் எதுவும் படித்தவனில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எட்டு வருஷம் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, வருகிற டிரைவர்களிடம் வாய் பேசிப் பேசியே பொழுதை ஓட்டினேன். முட்டை ஏற்றும் லாரிக்குப் பாடி கட்ட ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். வேலை முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டவர், கிளம்பும்போது சொன்னார்: "இந்த வாய்க்கு எரநூறு பசங்கள மேய்க்கலாமுங்க. நாங்க ஒரு பள்ளிக்கோடம் ஆரம்பிச்சிருக்கறம். வந்துருங்க." அவர்தான் நம் பள்ளியை நிறுவியவர். நானும் வந்துவிட்டேன். அப்புறம் நான் கற்றதெல்லாம் பெற்றோரும் பையன்களும் போகிற போக்கில் சொன்ன பேச்சிலிருந்துதான். நல்ல பேச்சாகக் காதில் விழுந்தால் இரவு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டுகளில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இன்றைக்கு உங்களுக்குப் பிரித்துக் காட்டுகிறேன்.

பிளஸ் டூ வந்த புதிது. பள்ளிக்கும் பால்பல் விழாத வயது. இன்று நீங்கள் லிப்டில் ஏறிப் போகிற கட்டடம் நிற்கும் இடத்தில் அப்போது இரண்டு கோழிக் கொட்டகைகள் இருந்தன. ஒன்றில் வகுப்பு, ஒன்றில் சாப்பாடு. சுவர் இடுப்பு வரைக்கும் செங்கல், அதற்கு மேலே கம்பிவலை. மழை பெய்தால் தரையிலிருந்து பழைய குடித்தனக்காரர்களின் வாசனை கிளம்பும். "அல்ஜீப்ரான்னா இந்த வாசந்தான் சார் ஞாபகம் வரும்" என்று இப்போது பெரிய டாக்டராக இருக்கும் ஒருவர் சென்ற மாதம்கூட என்னிடம் சொன்னார்.

தலைமையாசிரியர் சேலம் டவுன்காரர். கத்தோலிக்கக் குடும்பம். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கொஞ்சமாகத்தான் பேசுவார். அவர் பேசியதை நான் நோட்டில் எழுதத் தேவையே இருந்ததில்லை. தானாக மனதில் நின்றுவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். முதல் வருஷத்தில் அப்படி ஒரு ஞாயிறு, ராசிபுரத்திலிருந்து நெசவுக்காரர் வீட்டு அம்மா ஒருவர் வந்தார். பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உட்டுட்டுப் போறப்ப உருண்டையா இருந்தானுங்க. இப்பப் பாருங்க, சட்டை கொடிக்கம்பத்துல மாட்டுனாப்பல தொங்குது" என்றார். மற்ற அம்மாக்களும் உடனே தங்கள் பிள்ளைகளின் சட்டைகளைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பண்ணைக்காரருக்குச் சுருக்கென்றது. "வாய்ப்பேச்சு எதுக்குங்க? எடை போட்டுருவோம்" என்றார். அடுத்த மாதமே தீவனக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு வண்டியேறி வந்து, பள்ளி வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்தது. கோழி வளர்த்தவர் அல்லவா, அவருக்கு வளர்ச்சி என்றால் கிலோதான். இப்படியாகப் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்திலேயே முதல்முறையாக, மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் எடைப் பட்டியலும் தொங்க ஆரம்பித்தது. எழுதுகிற வேலை என்னுடையது.

தலைமையாசிரியர் தராசைச் சுற்றி வந்து பார்த்தார். "பிள்ளைங்கள எடை போடறது எனக்குப் பிடிக்கல வார்டன். போட்டே ஆகணும்னா, அதைப் படிக்க ஒரு ஆள் வேணும். படிப்பீங்களா?"

"எழுதிடறேனுங்க சார்."

"எழுதறதைக் கேக்கல நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் ஒன்பதாவதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

எடை ஞாயிறு பெரிய திருவிழாவாகிவிட்டது. ராசிபுரத்து அம்மா தூக்குப்போசி நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்து, வரிசையில் நிற்கும்போதே மகனுக்கு உருட்டி உருட்டி ஊட்டுவார். பையன்கள் குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, குலுங்காமல் நடந்து வருவார்கள். ஒருவன் டிரங்குப் பெட்டிப் பூட்டை அரைஞாணில் கட்டிக்கொண்டு ஏறி, இறங்கும்போது அது நழுவி டங்கென்று தராசிலேயே விழுந்தது. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி முதலாளி ஒருவர் வருவார். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர். "நம்மாளு மாசம் ரெண்டு கிலோ எறங்குறானுங்க" என்பார் பெருமையாக. அவர் தொழிலில் இறங்குவதுதானே வளர்ச்சி. ஏறுகிறான் என்று திருத்திச் சொல்வது மனைவியின் வேலை.

பள்ளி வளர்ந்தது. மூன்றாம் வருஷம், கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கோடியில் புதுக் கட்டடம் எழும்பியது. ஓடு வேயாமல் தளம் போட்ட முதல் கட்டடம் அது. பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களை மரியாதையாக அங்கே குடி வைத்தோம். சாப்பாட்டுக் கொட்டகை பழைய இடத்திலேயே இருந்தது. மணியும் அப்படியே, பழைய புங்கமரத்தில் தொங்கிய லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டுதான்.

அந்தப் புதுக் கட்டடத்தில் மேச்சேரிப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா ஆட்டு வியாபாரி, சந்தை சந்தையாகப் போகிறவர். பையனுக்குக் கணக்கு அப்படி வரும். கரும்பலகையில் தலைமையாசிரியர் பாதி எழுதும்போதே மீதி அவன் நோட்டில் இருக்கும். "நம்ம பள்ளியிலிருந்து இன்ஜினியரிங் போற முதல் பையன் இவன்தான்" என்று அந்த வாய் திறக்காத மனிதரே வாய்விட்டுச் சொன்னார்.

அவன் எடைதான் இறங்கிக்கொண்டே வந்தது. ஜூனில் நாற்பத்தொன்பது. பிறகு நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தைந்து. நவம்பரில் நாற்பத்து நாலு. அப்பா வாசலில் என்னை ஓரமாக அழைத்தார்.

"வார்டனுங்க, எனக்குப் படிப்பு தெரியாதுங்க. எறங்கற எடை தெரியும். என்ற தம்பி ஒருத்தன் இப்படித்தான் எளைச்சு எளைச்சு, கடைசில இருமிக்கிட்டே போயிட்டான். அடுத்த மாசமும் எறங்குச்சுன்னா பெட்டியக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருவனுங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பெட்டி கட்டினால் படிப்பு அத்தோடு சரி. பையனும் அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான். "சார், என்னெ அனுப்பிராதீங்க சார். போனா அப்பறம் ஆட்டுக்குப் பின்னாடிதான்."

பண்ணைக்காரரிடம் சொன்னேன். "தெனம் ரெண்டு முட்டை சேத்திக் குடுங்க. நம்மகிட்ட முட்டைக்கா பஞ்சம்?" என்றார். நான் சமையல்காரரிடம் சொன்னேன். சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். தம்பிகளே, நம் தொழிலில் பாதி தப்பு இந்த இடத்தில்தான் முட்டையிடுகிறது.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. தலைமையாசிரியர் பூசைக்காக முதல் பஸ்ஸிலேயே சேலம் போய்விட்டார். நான் காலை ஏழு மணிக்கு அந்தப் பையனை மட்டும் தனியாகத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன்.

தராசுக் கோலின் முனையில் முள்ளைச் சரி பண்ணுகிற திருகு ஒன்று உண்டு. எட்டு வருஷம் பட்டறையில் இருந்த கை. பையன் போன பிறகு, நாலு சுற்று. மூன்றரைக் கிலோ. முடிந்தது கதை என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தத் திருகு ஆள் பார்த்து வேலை செய்யாது என்பது, முதல் நாலு பையன்கள் ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு எல்லோரும் எடையில் ஏறிவிட்டார்கள். நோஞ்சான்கள் ஏறினார்கள். போன வாரம் காய்ச்சலில் படுத்தவன் ஏறினான். ராசிபுரத்து அம்மா, "இப்பத்தான் எம் பையன் பையனாட்டம் இருக்கறான்" என்று நெய்ப்போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரிக் முதலாளி மகன் அறுபத்தொன்று. "ஏனுங்க வார்டனு, அடுத்த கட்டடத்துக்கு இவனையே அஸ்திவாரமாப் போட்டுக்கலாமுங்க!" என்றார் அவர். பண்ணைக்காரர் ஆள் ஆளாகப் போய், "முட்டைங்க! எல்லாம் முட்டை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த சமையல்காரரும் ஒருமுறை ஏறினார். இறங்கும்போது முகம் சரியில்லை. "அய்யப்பனுக்கு மாலை போட்டு மூணு வாரமா ஒரு பொழுதுங்க நானு. எனக்குமா மூணு கிலோ ஏறும்?"

"சாமி குடுக்கறதுங்க" என்று அவரை அடுப்படிக்குத் தள்ளிவிட்டேன். இப்போது திருகைத் திருப்பவும் முடியாது, நூறு பேர் சுற்றி நிற்கிறார்கள்.

பதினோரு மணி பஸ்ஸில் மேச்சேரிக்காரர் வந்து இறங்கினார். பையன் தராசில் ஏறினான். "நாப்பத்தாறரை!" என்று நான் தேவைக்கு மேலேயே கத்தினேன். அவர் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மகனுக்குப் பின்னால் போய், சந்தையில் ஆட்டுக்கு எடை பார்க்கிற மாதிரி இரண்டு கையையும் அவன் வயிற்றோடு கோத்து, பதினாறு வயசுப் பையனை எல்லோர் முன்னாலும் ஒரே தூக்காகத் தூக்கினார். ஒருமுறை மெல்லக் குலுக்கினார். பையனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"உசுரெடை நாப்பத்திமூணு" என்று இறக்கி விட்டார். "கூடுனா அரைக் கிலோ."

ரிக் முதலாளிக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "ஏனுங்க, நம்மாளயும் ஒருக்கா தூக்குங்க, பாக்கலாம்."

தூக்கினார். "அம்பத்தேழரை."

தராசு சொன்னது அறுபத்தொன்று. இன்னொருவனைத் தூக்கினார். அதிலும் அதே மூன்றரை வித்தியாசம். கூட்டம் மொத்தமும் தராசைப் பார்த்தது. பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். சேலம் பஸ்ஸில் வந்து இறங்கிய தலைமையாசிரியர், கையில் ஜெபப் புத்தகத்தோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தராசு பழசுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். மூட்டை நிறுத்துத் தேய்ந்த தராசுதானே. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கூட்டத்தில் ஒருவனுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு அவன் எடை நாற்பத்து மூன்று என்று தெரியும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தராசு மேல தப்பில்லீங்க" என்றேன். "காத்தால நாந்தான் திருகுனேன்."

முதலில் ராசிபுரத்து அம்மாதான் வாய் திறந்தார். "அட கெரகமே! அப்ப எம் பையன் ஏறலையா? அத்தன நெய்யும் எங்கீங்க போச்சு?"

யாரோ சிரித்தார்கள். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. "இத்தன வருசத்துல ஒரு கோழிகூட என்னைய இப்படி ஏமாத்துனதில்லீங்க வார்டனு" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேச்சேரிக்காரர் பக்கத்தில் வந்தார். "எதுக்குங்க திருகுனீங்க?"

"பையன் போயிறக் கூடாதுன்னுங்க."

என் கையைப் பார்த்தார். "ஆசை சரிதானுங்க. கைதான் தப்பு" என்றார். பிறகு, "சோத்து மணி எப்பங்க அடிப்பீங்க?" என்று கேட்டார்.

"பன்னண்டரைக்குங்க."

"ஆடு எளைச்சா நான் தீவனத்த மோந்து பாக்கறதில்லீங்க. தொட்டிக்கு எது முன்னால போவுது, எது கடைசியா வருதுன்னு பாப்பேன். அந்தக் கோடியில தெரியறது பையன் இருக்கற ஊடுதானுங்களே? நான் அங்க போய் அவங்கூட நிக்கறேன். நீங்க எப்பவும் போல மணி அடிங்க. யாரும் எதயும் மாத்திப் பண்ணாதீங்க."

அவரோடு தலைமையாசிரியரும் நடந்தார். பண்ணைக்காரரும் நானும் பின்னால் போனோம். கடலைக்காட்டு வரப்பில் நான் முதல்முறையாகக் காலடிகளை எண்ணிக்கொண்டு போனேன். ஐநூற்றுச் சொச்சம்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்திருப்பார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று கிழக்கிலிருந்து அடித்தது. தூரத்தில் சின்னப் பையன்கள் ஓடுவதைப் பார்த்துத்தான், "மணி அடிச்சாச்சு" என்று அந்தக் கட்டடத்துப் பையன்கள் தட்டை எடுத்தார்கள். வரப்பில் ஒற்றை வரிசையாக நடந்து கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி மோருக்கு வந்திருந்தது. இரண்டாம் பந்திக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் வெயிலில், காலித் தட்டால் தலையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தபோது குழம்பில் காய் இல்லை. ரசம் தண்ணியாக இருந்தது. பாதிச் சோறு உள்ளே போவதற்குள் படிப்பு மணி அடித்துவிட்டது. மேச்சேரிப் பையன் தட்டோடு எழுந்தான்.

பண்ணைக்காரர் முட்டைக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோல்தான் இருந்தது. "முட்டை எங்கீங்க?"

"மூணாம் பந்திக்கு எப்பவுமே வராதுங்களே" என்றார் சமையல்காரர் சாதாரணமாக. "சேத்தி ரெண்டு வேகவெக்கச் சொன்னீங்க, வெச்சேன். முன்னால வர்றவங்க எடுத்துக்கறாங்க."

பண்ணைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முட்டை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஆறு மாதமாக முட்டையைக் கண்ணால் பார்க்கவில்லை.

"நீ ஏண்டா சாமி சொல்லல?" என்றார் அப்பா.

"சோத்துக்குப் போயி யாராச்சும் சண்ட போடுவாங்களாப்பா?" என்றான் பையன்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்களா? நான் சின்னப் பையன்களைக் கவனிக்கிறேன் என்ற பேரில் தினமும் முதல் பந்தியில் சாப்பிடுகிறவன். சுடச்சுட, காயோடு, முட்டையோடு.

தலைமையாசிரியர் என் எடை நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கினார். புதுக் கட்டடத்துப் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் விரல் நின்றது. இருபத்திரண்டு இடத்தில் நின்றது. இருபத்திரண்டு பேரும் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோன மாதத்திலிருந்து நவம்பர் வரை இறங்கியிருந்தார்கள். மேச்சேரிப் பையன் கொஞ்சம் அதிகமாக இறங்கினான், அவ்வளவுதான்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

நோட்டைத் திருப்பி என் கையில் கொடுத்தார். தராசு வந்த நாளில் "எழுதறதைக் கேக்கல நான்" என்று அவர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எத்தனை மாதம், எத்தனை பெயர், என் கையாலேயே அழகழகாக எழுதினேன். ஒரு தடவைகூடப் படித்ததில்லை. படிக்காமலே திருகப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே கிழக்குக் கட்டடத்துக்குத் தனி ஸ்பிரிங் பட்டை தொங்கியது. மறுநாளிலிருந்து தூரத்துக்காரர்களுக்கு முதல் பந்தி. என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூடக் கண்ணால் தேடி வைத்திருந்தேன். பண்ணைக்காரர் கூப்பிட்டார். "உங்களுக்குத் தண்டனை உண்டுங்க. இனிமேப்பட்டு நீங்க கடைசிப் பந்தி. நான் வந்தன்னா நானும் கடைசிப் பந்திதான்." ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் நான் கடைசிப் பந்திதான். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். கட்டடம் எத்தனை கட்டினாலும், எந்தக் கட்டடத்துப் பிள்ளை கடைசியாக வருகிறதோ அதன் பக்கத்தில் உங்கள் தட்டை வையுங்கள். ரசம் தண்ணியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்பது அந்த ரசத்தில் தெரிந்துவிடும்.

மேச்சேரிக்காரர் அன்று பெட்டியைக் கட்டவில்லை. "ஒரு மாசங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அந்த ஒரு மாதம் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜனவரியில் வந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். தூக்கினார், குலுக்கினார். "நாப்பத்தஞ்சு" என்றார். "இருக்கட்டும்." அவ்வளவுதான். அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. ராசிபுரத்து அம்மா முதல் ஆளாக மகனைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஏனுங்ணா, இவனயும் ஒருக்கா தூக்கிச் சொல்லீருங்க. வார்டன் தராசு வேண்டாமுங்க." தராசு அந்த வாரமே தீவனக் கிடங்குக்குத் திரும்பிப் போனது. அதற்கப்புறம் தேர்வு வரைக்கும் முதல் ஞாயிறு என்றால் நம் பள்ளியில் மேச்சேரிக்காரர் கைதான் தராசு.

பையனுக்குக் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் கிடைத்தது. சான்றிதழ் வாங்க அப்பாவும் மகனும் வந்தார்கள். தலைமையாசிரியர் வாசல் வரை வந்து கை கொடுத்தார். பண்ணைக்காரர் ஒரு அட்டை முட்டையைப் பரிசாகத் தூக்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையன் சட்டென்று அப்பாவுக்குப் பின்னால் போனான். இரண்டு கையையும் அவர் வயிற்றோடு கோத்து, புங்கமரத்தடியில் எங்கள் எல்லோர் முன்னாலும் அவரைத் தூக்கிவிட்டான்.

"டேய், உடுடா! உடுங்கறேன்!"

ஒரு குலுக்குக் குலுக்கி இறக்கி விட்டான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான், பிறகு சிரிப்பு நின்றது.

"அம்பதுகூட இல்லீங்கப்பா. ஊட்டுல நீங்க எத்தனாவது பந்தி?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாம் உன்ற கை தப்புடா" என்றார். "அந்தத் தராசக் கொண்டாரச் சொல்லுங்க, ஏறிக் காட்டறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.